பதினேழு பேர் புலம்பி ஏற்றிய சூடு

புரூக்ளின்,
ஜனவரி 19

மதிப்புக்குரிய லைபிஷ் சித்தப்பாவுக்கு,

டெவோரா எழுதுவது. ஃப்ளோரிடா வெயிலில் தாங்களும் சித்தியும் சௌக்கியம் என்று கேள்வி. கினஹோரா, கண் படாமல் இருக்கட்டும்.

தங்கள் கட்டடத்தில் வீடுகளைச் சூடாக்கும் பாய்லர் செத்து இருபது நாள். கோட்டும் தொப்பியுமாகப் படுக்கிறோம். நேற்று நகராட்சி ஆய்வாளர் ஒகாம்போ வந்தார். வீட்டுக்குள் அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் உங்கள் மேல் வழக்கு. அவரை ஐந்தாம் மாடி ஃப்ரூமா மாமி வீட்டில் உட்காரவைத்து, "குளிருதுன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க மாமி, போதும்" என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். நம் யூத ஜனங்களுக்கு ஒரே வார்த்தையில் குறை சொல்ல வருமா? புலம்பலுக்கு க்வெட்ச் என்று தனிப்பெயர் வைத்திருக்கும் கூட்டம்! காதுகொடுக்க ஓர் ஆள் சிக்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் பதினேழு பேர் அந்த ஒற்றை அறைக்குள் புகுந்துவிட்டார்கள்.

"என் முதுகைப் பாருங்க சார், மளிகைச் சாமானை அஞ்சு மாடி சுமந்து ஷ்லெப் பண்ணி ஷ்லெப் பண்ணி..."

"உன் முதுகு கெடக்கட்டும் ஷ்முவேல், என் மருமக ஒரு போன் பண்றதில்ல, அதை நான் யார்கிட்ட க்வெட்ச் பண்றது?"

"தள்ளுங்கடா! மனுஷன் எலும்பும் தோலுமா இருக்கார், மொதல்ல எதையாவது கொறிச்சு நாஷ் பண்ணட்டும்" என்று மாமி அடுப்பைப் பற்றவைத்து, கூகல் என்கிற நூடுல்ஸ் பலகாரத்தைச் சூடாக்கினார்.

ஒகாம்போ சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "ஓய், வேகுதே!" என்றார். வெப்பமானி எழுபத்தொன்று. "போதிய சூடு உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.

"மென்ஷ்மா அவரு, தங்கமான மனுஷன்! எவ்ளோ பொறுமையா கேட்டாரு!" என்றார் ஷ்முவேல். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

உங்கள் நீச்சல் குளத்துக்கு வெந்நீர் ஓடுகிறது. வாடகை கொடுக்கும் கிழவர்கள் கையுறையோடு தூங்குகிறார்கள். இந்த வெட்கமில்லாத திமிருக்குத்தான் ஹுட்ஸ்பா என்று பெயர், சித்தப்பா. ஆனால் சட்டம் இப்போது உங்கள் பக்கம். அதனால் கெஞ்சுகிறேன், பாய்லரை மாற்றுங்கள்.

நூற்றிருபது வயதுவரை தாங்கள் வாழ வேண்டும். அதில் ஓர் இரவாவது இங்கே படுக்க வேண்டும்.

அன்புடன்,
டெவோரா

பி.கு: கெஞ்சியதை வாபஸ் வாங்குகிறேன். மாமி கட்டிக்கொடுத்த கூகல் டப்பாவைத் திருப்பித்தர ஒகாம்போ இப்போதுதான் வந்தார். வீட்டில் மாமியும் நானும் மட்டும். ஐந்தே நிமிடத்தில் அவருக்குப் பல் கிட்டித்துவிட்டது. மறுபடி அளந்தார்: நாற்பத்தொன்பது. நேற்றைய அறிக்கையைக் கிழித்துவிட்டு உங்களுக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியே அந்தப் பதினேழு பேரும் கதவை இடிக்கிறார்கள். முதுகைக் கதவுக்குக் கொடுத்தபடிதான் இதை எழுதுகிறேன். அவர் கையெழுத்துப் போடும்வரை திறக்க மாட்டேன்.