பதினான்கு ராஜாக்களும் ஒரு தண்ணீர்க் குழாயும்

வாட்டர்ஹவுஸ், கிங்ஸ்டன்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஐசில்டா அத்தைக்கு,

தேவன் அருளால் இங்கே எல்லோரும் நலம், என் காதுகளைத் தவிர. மாண்டவில் ஊர்க் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பள்ளியை விட்டு நின்ற என்னை ஒத்தாசைக்கென்று சித்தப்பாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். ஆகவே புகாரும் உங்களுக்கே.

லாசெல்ஸ் சித்தப்பா ஆட்டம் போடுவதற்கான ஒரு டான்ஸ்ஹால் தாளம் செய்தார். 'பிரஷர் குக்கர் ரிதிம்' என்று பெயர். அந்த ஒரே தாளத்தின் மேல் பதினான்கு பேர் ஆளாளுக்கு ஒரு பாட்டுப் பாட, எல்லாம் சேர்ந்து ஒரு சிடி. பன்னிரண்டு நாளாக அதே தாளம், பல் துலக்கினாலும் கை அதற்குத்தான் ஆடுகிறது, இதில் பதினான்கு பேரும் பாடுவது ஒரே சங்கதி, 'நான்தான் ராஜா.' மேஜர் தண்டர் ராஜா, சில்வர் பிளேடு ராஜா, லேடி சோரலுக்கு ராணிப் பட்டம் போதாதாம், அவளும் ராஜா. பாடி முடித்த ராஜாக்கள் சோறும் ஆட்டுக்கறியும் தின்றுவிட்டுத் தட்டைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள்.

"பாப்பா, இதக் கொஞ்சம் பாத்துக்க" என்பார் மேஜர் தண்டர்.

"வாயில்லாப் பூச்சி, ஒன் பேரென்ன?" என்று லேடி சோரல் தினமும் கேட்பாள். நான் வாய் திறப்பதற்குள் போய்விடுவாள்.

சிடியின் கடைசியில் யாரும் பாடாத வெறும் தாளம் வருவது வழக்கம். நேற்று மதியம் அதைப் பதிவுக்கு ஓடவிட்டு, "முடியிற வரைக்கும் மெஷினப் பாத்துக்கம்மா" என்று சித்தப்பா கடைக்குப் போனார். மைக் வேலை செய்தால் எரிய வேண்டிய சிவப்பு பல்பு ஒரு வாரமாக எரியவில்லை. மாற்ற வேண்டியவளும் நான்தான். அறையில் யாருமில்லை, எனக்கோ கையெல்லாம் சோப்பு, உடம்பெல்லாம் அசதி. பாடிவிட்டேன், அத்தை. உங்கள் தேவாலயக் குழுவில் இரண்டு வருடம் வாயை மட்டும் அசைத்த நான், "எல்லாரும் ராஜான்னா தட்டைக் கழுவுறது யாரு?" என்று தாளம் முடியும்வரை பாடினேன்.

மைக் திறந்தே இருந்திருக்கிறது, எல்லாம் பதிவாகிவிட்டது. வெறும் தாளத்துக்குப் பதில் அதையே கடைசிப் பாட்டாக வைத்து, பாடியவர் பெயருக்கு 'தெரியாத பெண்' என்று போட்டுவிட்டார் சித்தப்பா.

"எடுத்துடுங்க சித்தப்பா, வெக்கத்துல செத்துருவேன்."

"ஏம்மா சாகணும்? பதினஞ்சு பாட்டுல உண்மையச் சொல்றது இது ஒண்ணுதான்!"

வரும் வெள்ளிக்கிழமை ரேடியோவுக்குப் போகிறது. ராஜாக்களுக்குத் தெரிந்தால் நான் எந்த முகத்தோடு சோறு பரிமாறுவேன்? சித்தப்பா பயப்படுவது உங்களுக்கு மட்டும்தான். கடிதம் கண்டதும் போன் செய்து அந்தப் பாட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

பாஸ்டருக்கும் உங்கள் கோழிகளுக்கும் என் வணக்கம். ஜெபத்தில் என்னையும், முக்கியமாக என் காதுகளையும், நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
டவியா

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் முற்றத்துக் குழாயடியில் மேஜர் தண்டரைப் பார்த்தேன். தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டு, என் வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்; சித்தப்பா பாட்டை அவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டார் போல. பின்னால் லேடி சோரல், அவள் தட்டோடு. "யாருய்யா அந்தப் பொண்ணு? நம்ம மானத்த வாங்கிட்டாளே!" என்று சிரிக்கிறாள். அத்தை, பாட்டை எடுக்கச் சொல்ல வேண்டாம். 'தெரியாத பெண்'ணை மட்டும் எடுத்துவிட்டு, டவியா மெரில் கிளார்க் என்று முழுப்பெயரையும் போடச் சொல்லுங்கள். நானே கேட்கலாம்தான், கூச்சமாக இருக்கிறது.