நாய் பிடித்த கேட்ச்

என் மச்சான் பெவன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று நான் சபதம் எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சபதம் எடுக்கிற ஆள் இல்லை நான். இது பெரிய விஷயம். ஒரு நாய் சம்பந்தப்பட்டது.

பெவன் என் மனைவி ரேவினின் தம்பி. மலைக்காட்டுக்குள் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று அவன் வீட்டு முற்றத்தில் கிரிக்கெட் ஆடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். கோழிக்கூண்டில் பட்டால் நாலு. தண்ணீர்த் தொட்டியில் பட்டால் ஆறு. வேலியைத் தாண்டினால் அவுட். பந்தையும் அடித்தவனே போய்ப் பொறுக்கி வர வேண்டும். இப்படி எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நாய் பந்தைப் பிடித்தால் என்ன என்பதற்கு மட்டும் விதி கிடையாது.

அன்றைக்கு நான் நாற்பத்தெட்டு ரன்னில் நின்றேன். என் வாழ்நாளில் ஐம்பதை நான் பார்த்தது வயதில் மட்டும்தான். தூக்கி அடித்தேன். பந்து தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெவனின் நாய் ஜெட் எங்கிருந்தோ ஓடி வந்து எகிறி, அந்தரத்திலேயே வாயால் கவ்விவிட்டது. நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பந்து போடுகிறவனும் பெவன், அம்பயரும் பெவன். அவன் ஒரு நொடி வீட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு விரலைத் தூக்கினான்.

"அவுட்டு மச்சான். கேட்ச், ஜெட்."

ஆயிரம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு நாயிடம் தோற்றுவிட்டு உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட முடியுமா? பேட்டைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன். நான் நாட் அவுட் என்று பெவன் தன் வாயால் சொல்லும் வரை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேன். ரேவின் ஒரு தட்டில் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் ஊர் ஹாமில்டன் வரும் வரை பேசவில்லை. உருளைக்கிழங்கும் எனக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. கிறிஸ்துமஸ் ஒரு வருஷம் அவள் பக்கம், ஒரு வருஷம் என் பக்கம். சபதத்துக்குப் பிறகு அவள் முறை மூன்று தடவை வந்தது. முதல் தடவை எனக்குப் பல்வலி. இரண்டாவது தடவை காருக்குக் கிளட்ச் போய்விட்டது. மூன்றாவது தடவை மறுபடியும் பல்வலி, ஆனால் வேறு பல். ஒவ்வொரு தடவையும் ரேவின் "பரவால்ல" என்றாள். பிப்ரவரியில் தனியாகப் பஸ் ஏறிப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் என் முறை. நியூ பிளிமத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுடன் கிறிஸ்துமஸ் என்று நவம்பரிலேயே அறிவித்துவிட்டேன்.

"சரி நெவ்," என்றாள் ரேவின். "இந்த வருஷம் உங்கம்மாகூடதான்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என் ஆளுமையின் சிறப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்து நாலாம் தேதி காலையில் கிளம்பினோம். எங்கள் நாட்டில் டிசம்பர்தான் கோடைக்காலம். ஆனால் பெயர்தான் கோடை. பதினோரு நாளாக விடாத மழை. நான் அரைக்கால்சட்டை, செருப்பு, வெயில் தொப்பி என்று முறைப்படி கோடைக்கு உடுத்திக்கொண்டு குடைக்குள் நின்று சாமான் ஏற்றினேன். ஐஸ் பெட்டியைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தால், உள்ளே ஒரு முழுப் பன்றித்தொடை.

"அம்மா ஒருத்தி, நாம ரெண்டு பேரு. ஒம்பது கிலோ ஹாம் எதுக்கு?"

"உங்கம்மாவுக்கு நல்லாப் பசிக்கும்."

"போன தடவை ஒரு முட்டையை ரெண்டாக்கிச் சாப்பிட்டாங்க."

"அதான் பசியோட இருப்பாங்க."

பின்பக்கம் என்னுடைய ரப்பர் பூட்ஸும் இருந்தது. அம்மா இருப்பது டவுனில், இரண்டாவது மாடியில். அங்கே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நான் எந்தச் சேற்றில் இறங்கப் போகிறேன் என்று கேட்டேன். மழை நாளில் எதுவும் நடக்கலாம் என்றாள் ரேவின். அதற்குமேல் கேட்கவில்லை. கேள்வி கேட்பவன்தான் சாமானை மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்.

தெ கூயிட்டி என்ற ஊர் வரை நன்றாகத்தான் போனோம். நன்றாக என்றால், வைப்பர் போட்ட சத்தத்தில் பேச முடியவில்லை. புல்வெளியெல்லாம் குளமாகி, மேட்டில் ஒண்டிய ஆடுகள் எங்களை அனுதாபத்தோடு பார்த்தன. ஊர் எல்லையில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் ஆளின் பெரிய சிலைகூட மழைக்குக் குனிந்து நிற்பதுபோல் இருந்தது. கறி அடைத்த பேஸ்ட்ரி வாங்கிக் காருக்குள்ளேயே தின்றோம். அப்போதுதான் ரேவின் போனைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"பெரிய ரோட்டுல மண்சரிவாம் நெவ். ஒத்தை வரிசையில விடுறாங்களாம். மூணு மணி நேரம் ஆகுமாம்."

"யாரு சொன்னா?"

"தெரிஞ்சவங்க. பேசாம நின்னு நிதானமா போவோம்."

"வேற வழியா இல்ல? மலைக்குள்ள சரளை ரோடு ஒண்ணு போகுதே."

"ஐயோ, அது வேணாம். அது பெவன் பண்ணை வழியா போகும்."

"வழியா போனா என்ன, வீட்டுக்குள்ளயா போறோம்? கேட்டைத் தாண்டித் திரும்பிக்கூடப் பாக்காம போயிடுவேன்."

"அதுக்கில்ல நெவ். வழியில ஓடை ஒண்ணு குறுக்க வரும். பாலம் கிடையாது. இந்த மழையில அதுல காரை இறக்கணும்னா..." என்று இழுத்தாள். மடியில் ஒட்டியிருந்த பேஸ்ட்ரித் துணுக்கைத் தட்டிவிட்டாள். "அதெல்லாம் பெவனாலதான் முடியும். உன்னால முடியாது."

நான் மீதிப் பேஸ்ட்ரியை ஒரே வாயில் விழுங்கிவிட்டுச் சாவியைத் திருகினேன்.

அந்தச் சரளை ரோட்டில் பதினெட்டு கிலோமீட்டர் நான் எப்படி ஓட்டினேன் என்பதைப் பார்க்க ரேவினுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அளவைப் பார்த்தால் எனக்குப் பெரியதாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். குண்டான ஒருத்தருக்கு என்றாள். பெவனின் தொப்பை ஏனோ ஒரு நொடி என் கண்முன் வந்து போனது.

ஓடை வந்தது. காப்பி நிறத் தண்ணீர், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். முதல் கியரில் நிதானமாக இறக்கினேன். பாதி ஓடை வரை பெவனைவிட நான் எவ்வளவோ மேல். பாதியில் பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. நான் அழுத்த அழுத்த, கார் தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்துகொண்டது.

எதிர்க்கரையில் ஒரு டிராக்டர் நின்றது. அதன்மேல் மஞ்சள் மழைக்கோட்டுக்குள் பெவன். சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"வணக்கம் மச்சான்," என்றான் ஏழு வருஷம் கழித்து. "ஆடு ஒண்ணு காணோம்னு தேடி வந்தேன்."

"ஆடு தேட எதுக்குடா இழுவைச் சங்கிலி?"

"கொழுத்த ஆடு."

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ரேவின் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள். இந்த வெயில் தொப்பியோடு வெளியே இறங்கித் தள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும், பெவனுக்கும் தெரியும். கண்ணாடியை மறுபடி இறக்கினேன்.

"இழுத்துவிடு."

"இழுக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு அவுட்டா, நாட் அவுட்டா?"

"நாட் அவுட்."

பெவன் தலையாட்டிவிட்டு இரண்டாவது சாண்ட்விச்சைப் பிரித்தான். மழை வலுத்தது. என் செருப்புக்குள் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் கதவிடுக்கு வழியாக விருந்தாளி மாதிரி மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னால் ஐஸ் பெட்டி லேசாக நகரும் சத்தம் கேட்டது.

"நெவ்," என்றாள் ரேவின், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். "உங்கம்மா ஹாம் நனையப் போகுது."

தாய்க்காக எதையும் தியாகம் செய்யலாம்.

"அவுட்," என்றேன்.

"இன்ஜின் சத்தத்துல கேக்கல மச்சான்."

டிராக்டர் இன்ஜின் அணைந்துதான் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டும் நிலையில் நான் இல்லை. மலை எதிரொலிக்கும்படி "அவுட்டு" என்று கத்தினேன். நான்கைந்து ஆடுகள் பதில் சொல்லின. அவற்றில் ஒன்றுகூடக் காணாமல் போனதுபோல் தெரியவில்லை.

கார் கரையேறியதும் ரேவின் இறங்கி, மழையிலேயே ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டாள். அந்த முரட்டு ஆள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அவள் அழுதாளா, மழையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாய்க்காக அவளுடைய மூன்று கிறிஸ்துமஸைத் தின்றிருக்கிறேன்.

ஆனாலும் சபதம் சபதம்தானே. கார் காயும் வரை வராண்டாவில் நிற்கிறேன், உள்ளே வர மாட்டேன், சாயங்காலத்துக்குள் அம்மாவிடம் போயாக வேண்டும், பாவம் தனியாகக் காத்திருப்பாள் என்று பெவன் வீட்டு வாசலில் நின்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கதவு திறந்தது. திறந்தது என் அம்மா. கையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கிண்ணம்.

"மூணு மணிக்கே வந்துருவீங்கன்னு ரேவின் சொன்னாளே. மணி நாலரை. வண்டியை உருட்டிக்கிட்டே வந்தியா?"

"அம்மா, நீ எப்படி இங்க?"

"பெவன்தான் செவ்வாக்கிழமை வந்து கூட்டிட்டு வந்தான். பெரிய ரோடு ஜம்முனு இருந்துச்சு. வெளிய நின்னு சொட்டாதடா. உள்ள வா."

நான் ரேவினைப் பார்த்தேன். அவள் என் ரப்பர் பூட்ஸை வாசல் ஓரம், பெவனின் பூட்ஸுக்குப் பக்கத்தில், ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் உங்கம்மாகூடதான்னு சொன்னேனா இல்லையா?" என்றாள். "எந்த வீட்டுலன்னு நீ கேக்கவே இல்லையே நெவ்."

பெற்ற தாய் வாசலில் நின்று கூப்பிடும்போது எந்தச் சபதம் நிற்கும்? மிதித்தேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மழை விட்டது. வேலிக்கம்பிகள் எல்லாம் சொட்டிக்கொண்டிருக்க, கோழிக்கூண்டுக்கு மேலே கொஞ்சம் வெயில்கூட வந்தது. ரேவின் காரின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து என் பேட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். ஹாமுக்குக் கீழே அதையும் வைத்திருக்கிறாள் மகராசி. பெவனிடம் நான் ஒரு நிபந்தனை போட்டேன். விட்ட இடத்திலிருந்துதான் ஆடுவேன். நாற்பத்தெட்டு. பெவன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். ஜெட்டுக்கு வயது பதினொன்று. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே படுத்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது.

பெவன் பந்தோடு பத்தடி ஓடி வந்தான். பந்தைப் போடாமல் நின்றான். கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மச்சான், மனசுல வச்சுக்க முடியல. அன்னிக்கு எனக்கும் நீ நாட் அவுட்டுன்னுதான் தோணுச்சு."

"அடப்பாவி. பின்ன ஏன்டா விரலைத் தூக்கின?"

"நானாவா தூக்கினேன்? வீட்டுப் பக்கம் பாத்தேன். வராண்டாவுல ஒருத்தங்க தூக்கிக்கிட்டு நின்னாங்க. அக்கா சொல்லி நான் எதைத் தட்டியிருக்கேன்?"

ஏழு வருஷம். இரண்டு பல். ஒரு கிளட்ச். நான் மெதுவாகத் திரும்பி வராண்டாவைப் பார்த்தேன்.

ஒரு கையில் கரண்டியோடு ரேவின் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு கையின் விரல் வானத்தைப் பார்த்து நேராக நின்றது.

"அன்னிக்கும் சாப்பாடு ஆறிக்கிட்டிருந்துச்சு நெவ்," என்றாள். "இன்னிக்கும் ஆறுது."

நான் பேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.