செத்தவன் வெட்டலாமா?

துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், எந்தக் குரலில் பேச வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. வளர வளர எல்லோருக்கும் தானாகவே வந்துவிடுகிறது. எனக்கு மட்டும் வரவில்லை. அதுவும் என் சொந்த அத்தான் செத்த அன்று வரவில்லை.

அத்தான் என்றால் செல்வி அக்காவின் வீட்டுக்காரர். சிவகாசியில் சின்னதாக ஒரு பிரஸ் வைத்து, வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் விருதுநகரில் பருப்பு வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். (அக்காவைப் பார்க்க என்று என் மனைவியிடம் சொல்லுவேன். அக்காவோ, "என்னைப் பாக்கவா வாரே?" என்பாள்.)

அங்கே நாங்கள் ஆடியது ஒரு பகடை விளையாட்டு. மதுரையில் வேலை பார்க்கும் என் நண்பன் கண்ணன் கொண்டுவந்து பழக்கியது; ஞாயிறானால் அவனும் வந்துவிடுவான். ஒருவர் கதையைச் சொல்லி நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாக இருப்பார்கள். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தவர் முதலில் அடிப்பார், அடுத்தவர் பிறகு. இவ்வளவுதான். ஆனால் இந்த 'முதலில்', 'பிறகு' என்ற இரண்டு வார்த்தைக்காக நாங்கள் போட்ட சண்டையை வரப்புத் தகராறில்கூடப் பார்க்க முடியாது.

கதை நடத்துவது நான். அத்தானின் வீரன் பெயர் இருளாண்டி. இருளாண்டியின் பலம், ஆயுதம் எல்லாவற்றையும் வீணாய்ப்போன லேபிள் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பார். முன்பக்கம் கிளி, பின்பக்கம் கோடாலி. வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர், இருளாண்டியாக மாறிவிட்டால் நாற்காலியில் உட்காரமாட்டார்.

கடைசியாக ஆடிய ஞாயிற்றுக்கிழமை இருளாண்டிக்கும் ஒரு பூதத்துக்கும் சண்டை. பூதத்துக்காக நான் உருட்டினேன், அவர் இருளாண்டிக்காக உருட்டினார். இருவருக்கும் ஒரே எண். விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். ஒரு பக்கத்தில், ஒரே எண் விழுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள் என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில், உயிர் போனவன் அடிக்க முடியாது என்று இருந்தது. நான் பூதத்தின் அடியை முதலில் உருட்டிவிட்டேன். இருளாண்டிக்கு உயிர் போய்விட்டது.

"சரி மாப்ளே, இப்ப என் வெட்டு" என்று அத்தான் பகடையை எடுத்தார்.

"நீங்கதான் செத்துட்டீகளே அத்தான்."

"ஒரே நேரம்னு போட்டிருக்குல்லா? அவன் அடிக்கும்போதே நானும் வெட்டியாச்சு. விழுந்தா ரெண்டு பேரும்தான் விழணும்."

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அக்கா வந்து காப்பியை வைத்துவிட்டு, "வெளிய ஆளுக நின்னு பாக்காக" என்று சொன்ன பிறகுதான் அடங்கினோம். "அடுத்த வாரம் வா, பேசிக்கிடுவோம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஒரு ஆர்டர் வேலையாகப் பிரஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தாள்கட்டின் மேல் சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டாகிவிட்டது. கரண்ட் இல்லை. அத்தானைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டேன், மாலை வாங்கிவந்தேன், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். பெட்டிப் பக்கம் மட்டும் போகவில்லை.

மதுரையிலிருந்து கண்ணன் வந்தான். என்னைப் பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கமாகக் கூட்டிப்போனான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாப்ளே, அந்த வெட்டை அவருக்குக் கொடுத்துருவோம்டா. போனவருக்காக" என்றான்.

'போனவருக்காக' என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கிறுக்காக்கியது. உயிரோடிருந்தால் ஒருநாளும் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் அவர் போய்விட்டார் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அதனால் விதி பேசினேன். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திப் பேசினேன். கரண்ட் வந்ததையோ, ஒருவர் போய் ஜெனரேட்டரை நிறுத்தியதையோ நான் கவனிக்கவில்லை.

"செத்தவன் செத்தவன்தாம்லே! செத்ததுக்கப்புறம் எந்திரிச்சு வந்து வெட்டுவேன்னா, பாத்துக்கிட்டு இருப்பனா நான்?"

தெரு முழுக்கக் கேட்டது. ஒப்பாரி நின்றது. (கொட்டுக்காரர் கையைத் தூக்கியவர் தூக்கியபடியே இருந்தார் என்று பின்னால் சொன்னார்கள். அது மிகை என்று நினைக்கிறேன்.)

அத்தானின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எந்தம்பி இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பல, அதுக்குள்ள வெட்டுக்குத்தா? சொத்துப் பேசுதியா நீ?"

"சொத்தில்ல மாமா, பகடை…" என்றேன். நிலைமை இன்னும் மோசமானது. சூதாடுகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுது அழுது தேய்ந்துபோன குரல். "அவனை இங்கன வரச் சொல்லுங்க."

போனேன். அவள் பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் நானும் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். பவுடர் போட்டிருந்தார்கள். அவருக்குப் பவுடரே பிடிக்காது.

"அந்த இருளாண்டி விவகாரமாலே?" என்றாள்.

"ஆமாக்கா."

"யாரும்மா அந்த இருளாண்டி?" என்றார் எங்கள் பெரியப்பா.

"அவுகதான்" என்று பெட்டியைக் காட்டினாள் அக்கா. அத்தனை சொந்தமும் என்னைப் பார்த்தது. ஒரே எண் விழுந்த கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னேன். என் வாழ்க்கையில் அம்புட்டுக் கேவலமாக நான் எதையும் விளக்கியதில்லை. கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"ஓங்குன கை இறங்கித்தாம்லே தீரும். அவன் வெட்டு வெட்டுதான்."

"செத்த கை எப்படி இறங்கும்?" என்றார் அத்தானின் அண்ணன். மடித்துக் கட்டிய வேட்டி அப்படியே இருக்க, அவர் என் கட்சிக்கு வந்துவிட்டிருந்தார். சட்டென்று இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. பெண்கள்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேந்தே விழுந்தா உனக்கென்னலே? ஒருத்தரு விழுந்து ஒருத்தரு நிக்கணுமாக்கும்?"



"இல்லக்கா. அத்தான் சொன்னதுதான் சரி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கடையில் அலைபேசியில் சேதி கேட்டதிலிருந்து வராத அழுகை, பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க, மூக்கு ஒழுக. கண்ணன்தான் என்னைத் தூக்கினான். தூக்கியவனைத் தூக்க இன்னொருவர் வேண்டியிருந்தது.

இன்றைக்கும் நான் ஒரு துட்டிக்குக் கிளம்பினால், "போனமா, மாலையப் போட்டமா, வந்தமான்னு இருங்க. சட்டம் பேசாதீக" என்று சொல்லித்தான் என் மனைவி அனுப்புகிறாள். சாத்தூர் சொந்தக்காரர்கள் என் பெயரை மறந்துவிட்டார்கள். 'செத்தவன் எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னவன்' என்றால்தான் தெரியும். எங்கள் ஆட்டத்தில் ஒரே எண் விழுந்தால் இருவரும் சேர்ந்தே விழுகிறார்கள். யாரும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை.

இந்தக் கதையை எல்லோரையும்விட நன்றாகச் சொல்லுவது அக்காதான். கல்யாண வீடு, சடங்கு வீடு என்று நாலு பேர் கூடினால் போதும், யாராவது கேட்டுவிடுவார்கள். நான் கத்தியதை என் குரலிலேயே கத்திக் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது கடைசியாக ஒன்று சொல்லுவாள்.

"அன்னைக்கு மட்டும் அவுக எந்திரிச்சிருந்தா, முத வெட்டு இவனுக்குத்தான்."

மறுபடியும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எந்திரிச்சிருக்கலாம். அந்த வெட்டை வாங்கிக்கொண்டிருப்பேன்.