போதகர் வீட்டுத் தாழ்ப்பாள்

போதகரைப் பாராட்ட வேண்டும் என்பதில் சபையில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதற்காகப் பாராட்டுவது என்பதில்தான் சிக்கல். பக்கத்துச் சபையில் போதகருக்குப் பாராட்டு மாதம் கொண்டாடி, பேனர் கட்டி, படம் பிடித்து எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். இதற்குப் பிறகும் சும்மா இருந்தால் நமக்கு என்ன மரியாதை என்று கேட்டார் சபைச் செயலாளர். அவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் இன்னும் விடவில்லை. உடனே பாராட்டுக் குழு அமைக்கப்பட்டது. போதகரிடம் பாராட்டத்தக்க அம்சம் ஏதேனும் உண்டா என்பதை ஆராய்ந்து அறிக்கை தர, அம்சம் கண்டறியும் துணைக்குழுவும் அமைக்கப்பட்டது.

இங்கே இப்படிக் குழுக்கள் பிறந்துகொண்டிருந்த வேளையில், போதகரின் மனைவி ஒற்றைக் காலில் நின்று குளித்துக்கொண்டிருந்தார். அது தவம் அல்ல. அந்தக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கதவு உள்பக்கமாகத் திறக்கும். ஆகவே ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு, மறு காலில் நின்றபடி தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்த வித்தையைக் கற்றுக்கொள்வதற்குள் போதகரம்மா ஒருமுறை வழுக்கி விழுந்து முட்டி வீங்கிக் கிடந்ததும் உண்டு.

வீடு சபைக்குச் சொந்தம். குடியிருக்கும் உரிமை போதகருக்கு, உள்ளே வந்துபோகும் உரிமை எல்லோருக்கும். கல்யாணத் தேதி குறிக்க வருகிறவர்கள், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்க வருகிறவர்கள், ஜெபத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் நேராகப் பின்பக்கம் போய்க் குளியலறைக் கதவைத் தள்ளுவார்கள். தாழ்ப்பாள் முந்தின போதகர் காலத்திலேயே கழன்று விழுந்து தொலைந்துவிட்டது. ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. வந்த புதிதில் போதகர் காலண்டர் மாட்டுவதற்கு ஓர் ஆணி அடித்தார். சபைச் சொத்தாகிய சுவரைத் தன்னிச்சையாகத் துளைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சுத்தியலைத் தொடுவதில்லை. சொத்துப் பராமரிப்புக் குழுவின் தலைவரான மரக்கடைக்காரரிடம் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், பரிசீலனையில் இருக்கிறது என்ற நல்ல செய்தி கிடைக்கும்.

போதகர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். குளிக்கப் போனால் உரத்த குரலில் பாடுவார். பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். போதகரம்மாவுக்குக் குரல் ஒத்துழைக்காது. அவர் பாடினால் உள்ளே ஏதோ ஆபத்து என்று நினைத்துக் கதவை உடைத்துக்கொண்டுதான் வருவார்கள். அதனால்தான் அந்த ஒற்றைக் கால்.

ஒரு நாள் காலை செயலாளரும் மரக்கடைக்காரரும் துணைக்குழுவின் சார்பில் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். போதகர் குளித்துக்கொண்டிருந்தார். ஐயாவுக்கு மரியாதை செய்யப்போகிறோம், என்ன வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள் என்றார் செயலாளர். போதகரம்மா தயங்கவே இல்லை.

"ஒரு தாழ்ப்பாள் வேணுங்க."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது பின்பக்கத்திலிருந்து பாட்டு வந்தது. செயலாளர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அவர் கண்கள் மெல்லக் கலங்கின.

"குளிக்கும்போதுகூடவா ஐயா துதிக்கிறார்?"

"துதிக்கலைங்க, ஆள் இருக்குன்னு சொல்றார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே."

"பாத்தீங்களா, கணவரோட பக்திய மறைக்கிறதுக்கு அம்மா எவ்வளவு பாடுபடறாங்க," என்றார் செயலாளர். மரக்கடைக்காரர் தலையாட்டினார். பாராட்டத்தக்க அம்சம் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது.

மறுநாளிலிருந்து சபையார் காலையிலேயே கூட்டமாக வந்து குளியலறைப் பாட்டைக் கேட்கத் தொடங்கினார்கள். பின்பக்கத்தில் நாற்காலி போடப்பட்டது. ஐயா சீக்கிரம் குளித்துவிடுவதால் கடைசிச் சரணம் கேட்கக் கிடைப்பதில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். இன்னொரு வாளி தண்ணீர் வைக்கும்படி கமிட்டி போதகரம்மாவுக்கு அறிவுறுத்தியது. போதகருக்குச் சளி பிடித்தது. தும்மலுக்கும் ஆமென் சொன்னார்கள். இந்த நெரிசலில் போதகரம்மா குளிப்பது எங்கே? விடிவதற்கு முன்னால் எழுந்து பூனை மாதிரி போய்விட்டு வர வேண்டியதாயிற்று.

இதற்கிடையே எல்லோருக்கும் பொங்கிய அன்பில் மரக்கடைக்காரருக்கும் கொஞ்சம் பொங்கி, அவர் உண்மையிலேயே ஒரு தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கனமான, பளபளவென்ற பித்தளைத் தாழ்ப்பாள். போதகரம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டிவிட்டார்.

"தாழ்ப்பாள் போட்டா ஐயா பாடுவாரா?" என்று கேட்டார்.

போதகர் உண்மை பேசுகிறவர். "அவசியம் இருக்காதுங்க," என்றார்.

கூட்டம் திடுக்கிட்டது. ஒரு தேவ ஊழியரின் துதியை நிறுத்தும் பொருளைச் சபையே பொருத்துவதா? நெடுநேரம் விவாதித்து ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். வாங்கிய தாழ்ப்பாளைப் பொருத்தாமல், நினைவுப் பரிசாகப் போதகருக்கு வழங்குவது.

அப்படியே வழங்கினார்கள். பாராட்டு விழாவில் மாலை, பொன்னாடை, புகழுரைக்குப் பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் திருகாணிகளோடு படுத்திருந்த தாழ்ப்பாளைப் போதகர் கையில் கொடுத்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தாழ்ப்பாள் என்பது அவிசுவாசத்தின் அடையாளம் என்று செயலாளர் முழங்கினார். நம் போதகரைப் பாராட்டுவது உண்மையானால் அவர் வழியில் நாமும் நடக்க வேண்டாமா என்று கேட்டார். வேண்டும் என்று கை தூக்காதவர் யார் என்று பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே, எல்லோரும் தூக்கினார்கள். அந்த வாரமே மரக்கடைக்காரர் வீடு வீடாகப் போய்க் குளியலறைத் தாழ்ப்பாள்களைக் கழற்றிக் காணிக்கையாகச் சேகரித்தார். சொத்துப் பராமரிப்புக் குழு அவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

விழா முடிந்து வீட்டுக்கு வந்த போதகரம்மாவுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. இத்தனை நாள் தாழ்ப்பாள் இல்லை என்பதுதான் குறை. இப்போது தாழ்ப்பாள் வீட்டிலேயே இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது, தான் மட்டும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்றால் எந்த மனுஷிக்குப் பொறுக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். தாழ்ப்பாளைக் குளியலறைக் கதவில் வைத்து, காய் நறுக்கும் கத்தியின் முனையால் திருகாணிகளை முடுக்கத் தொடங்கினார்.

போதகர் பதறிப்போனார். "கமிட்டி விளக்கம் கேக்குமே."

"கேக்கட்டும். குளிச்சிட்டு வந்து சொல்றேன்."

தாழ்ப்பாள் விழுந்தது. போதகரம்மா இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நின்றார். முதுகு தேய்த்தார். தலைக்கு ஊற்றிக்கொண்டு அப்படியே கண்ணை மூடி நின்றார். வெளியே யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

விளக்கம் கேட்டு யாரும் வரவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் வந்தது மரக்கடைக்காரரின் மனைவி. கையில் மாற்றுத் துணி இருந்தது.

"அம்மா, உங்க வீட்ல தாழ்ப்பாள் இருக்காமே. ஒரு அவசரக் குளியல் போட்டுக்கிறேன். எங்க வீட்ல எட்டுப் பேரு, ஒருத்தருக்கும் பாட வராது."

இல்லை என்று சொல்ல வாய் வருமா? வீடு சபைக்குச் சொந்தமாயிற்றே. அடுத்து பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பாடத் தெரிந்தவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால், தினமும் பாடித் தொண்டை போய்விட்டது என்றார்கள். கழற்றிய தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிக்கொள்ள எவருக்கும் துணிவில்லை. கடையில் போய்த் தாழ்ப்பாள் என்று வாயைத் திறந்தால், விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கடைக்காரர் கேட்கிறாராம். போதகர் வீட்டில் குளித்தால் அந்தப் பேச்சே இல்லை. போதகரோடு ஐக்கியமாக இருக்கிறார்கள் என்று பெயர்.

வார முடிவில் பாட்டுக் கேட்பதற்காகப் போட்ட நாற்காலிகள் அத்தனையிலும் ஆட்கள், அத்தனை பேர் தோளிலும் துண்டு. வரிசை ஒழுங்குக் குழு ஒன்று அமைக்கப்பட்டு எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தது. செயலாளர் தாம் கள ஆய்வுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். அவர் கையில் சோப்புப் பெட்டி இருந்தது. அவருக்குப் பின்னால் போதகர் உட்கார்ந்திருந்தார். போதகருக்குப் பின்னால்தான் போதகரம்மாவுக்கே இடம் கிடைத்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தாழ்ப்பாள் போட்டவர் எதற்குச் சத்தம் கொடுக்கப்போகிறார்?

போதகரம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து செயலாளர் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இப்ப உங்க வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

"வாசல் கதவுக்குப் பூட்டு இருக்கா, அதையும் காணிக்கையா குடுத்திட்டீங்களா?"

"பூட்டு இருக்கும்மா," என்றார் செயலாளர், சற்றுத் தணிந்த குரலில்.

"அப்ப சாவியக் குடுங்க."

செயலாளர் வரிசையில் இருந்த மரக்கடைக்காரரைப் பார்த்தார். இதற்கு விதி ஏதும் இருப்பதாக இருவருக்கும் நினைவு வரவில்லை. சாவி கைமாறியது. போதகரம்மா துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். போதகரும் மெல்ல எழுந்து பின்னால் வந்து, நானும் வரட்டுமா என்று கேட்டார்.

"வாங்க. ஆனா அங்க போயும் பாடினீங்கன்னா வெளிய விட்டுப் பூட்டிடுவேன்."

அவர்கள் வாசலைத் தாண்டியதும் வரிசையில் பின்னால் இருந்தவர்கள் மகிழ்ச்சியோடு இரண்டு நாற்காலி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சொந்த வீட்டிலேயே இப்படி இடம் விட்டுக்கொடுக்கும் மனம் யாருக்கு வரும், அடுத்த வருடம் இதற்காகவே இருவரையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும் என்றார் செயலாளர். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எல்லோரும் கை தூக்கினார்கள்.