மாப்பிள்ளையின் அப்பாவைப் போல் நடந்துவிட்டேன்

காஜா பெராங், மலாக்கா
16.9.1957

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா பொன்னுதுரை அவர்களுக்கு,

அக்காள் மகன் கருணாகரன் தலைகுனிந்து எழுதுவது. அம்மாவும் கோகிலா அக்காவும் நலம். என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. புக்கிட் ரம்பாயில் தங்கள் காய்ச்சல் இறங்கியிருக்க முருகனை வேண்டுகிறேன்.

அந்தக் காய்ச்சலால்தான் மாமா எல்லாம் வந்தது. தாங்கள் இல்லாததால், நேற்று அக்கா நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. சினிமாவில் கதாநாயகன் வாளைத் தூக்கினால் என் கையும் உயரும், தங்களுக்குத் தெரியும். ஒரே படத்தைப் பதினோரு தடவை பார்த்தேன், பதினோரு தடவையும் முன் இருக்கைக்காரரிடம் திட்டு வாங்கினேன். வேண்டுமென்று செய்வதில்லை. கண் பார்த்ததும் உடம்பு என்னைக் கேட்காமலே கிளம்பிவிடுகிறது. மாப்பிள்ளையின் அப்பா கலியாணசுந்தரம் ஐயா வலது காலை இழுத்து நடப்பவர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேளம் முன்னால், அடுத்து அவர், அவர் கையிலிருந்த சீர்த்தட்டை மரியாதைக்கு வாங்கிக்கொண்டு பின்னால் நான். பத்தடி நடந்ததும் தட்டிலிருந்த ஆரஞ்சு ஒவ்வொன்றாக உருண்டது. குனிந்து பார்த்தால் என் வலது காலும் இழுத்துக்கொண்டு வருகிறது. தெருவே சிரித்தது. ஐயா திரும்பிப் பார்த்தார்.

அவர் தங்கை ருக்மணி அத்தை, "என்னாப்பா, எங்கண்ணனைக் கிண்டல் பண்ணத்தான் வரச் சொன்னீங்களா?" என்றார்.

"இல்லைங்கத்தை, எனக்கும் கால்ல வலி..."

"பஸ் நின்னதும் குதிரையாட்டம் ஓடியாந்தியே, அப்ப வலிக்கலியா?"

வீட்டுக்குள் வந்தும் ஐயா காப்பியைத் தொடவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார். மறுபடியும் கால் இழுக்குமே என்று பயந்து நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். "பாத்தியாண்ணே, வழியனுப்பக்கூட நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டானாம்" என்றார் அத்தை. அக்கா பட்டுப்புடவையோடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்து என் உதடும் கோணியது. அதையும் கிண்டல் என்று நினைத்து அகப்பையை வீசினாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளை நடராஜன் அத்தானை ரொம்பப் பிடித்திருந்தது மாமா. என்னால் கெட்டது. தாங்கள் உடனே புக்கிட் காதிலில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போய், பையன் கெட்டவன் இல்லை, உடம்புதான் அப்படி என்று எடுத்துச் சொல்லவும்.

தங்கள் வீட்டில் அத்தைக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு அன்பும்.

தங்கள் காலடியில்,
கருணாகரன்

பி.கு: தபால்தலை ஒட்டும்போது கலியாணசுந்தரம் ஐயா தனியாக வந்தார். அம்மா காப்பி போட உள்ளே போனதும் கேட்டார்:

"நெசமாவே தன்னால நடந்ததாடா?"

"சாமி சத்தியமாங்க."

"இந்தக் கால் எப்டிப் போச்சு தெரியுமா? வீட்ல பஸ்லேர்ந்து விழுந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன். பாடாங் திடல்ல பந்து பாத்துக்கிட்டு நின்னேன். நம்ம ஆளு பெனால்டி அடிச்சான், நானும் அடிச்சேன். எனக்கு முன்னால இரும்புத் தூணு."

தையில் கல்யாணம். ஆகவே தாங்கள் எங்கும் போக வேண்டாம். தூண் விஷயத்தை உயிர் போனாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். படித்ததும் கடிதத்தைக் கொளுத்திவிடவும்.