பன்னிரண்டு குறையுதா, ஒன்பது கூடுதா?

விராலிமலை,
வியாழன் இரவு

பெரியப்பா மகளும், திருச்சியில் பொருளாதாரம் படிப்பவருமான பிரகதீஸ்வரி அக்காவுக்கு, தங்கை இலக்கியா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, ஆடுகள் எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. போன் அப்பாவின் தலையணைக்கடியில் இருப்பதால் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். காலையில் திருச்சி பஸ் கண்டக்டர் இன்னாசி மாமாவிடம் கொடுத்துவிடுவேன்.

எல்லாம் அந்தக் கணக்குக் கண்காட்சியால் வந்தது. எங்கள் பத்தாம் வகுப்பில் நாற்பது பேர். சொர்ணவல்லி டீச்சரின் மாலைக் கணக்கு வகுப்புக்குப் போகும் இருபது பேருக்கு அரையாண்டு சராசரி 48, போகாத இருபது பேருக்கு 60. (நான் போவதில்லை, அந்த நேரத்தில் எனக்குக் கோ-கோ.) சிவப்பிலும் பச்சையிலும் இரண்டு பட்டை வரைந்து ஒட்டினேன். முதல் பரிசு. அதோடு விட்டிருக்கலாம். அப்பா அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, "அந்த வகுப்புக்குப் போனா பன்னெண்டு மார்க் கொறையுதுங்க. எம்மக கணக்குப் போட்டுருக்கு. இழுத்து மூடுங்க" என்றுவிட்டார். டீச்சர் வாயைத் திறந்ததும், "ஒங்க வகுப்ப நீங்க விட்டுக்குடுப்பீங்களா டீச்சர்?" என்று மடக்கியும் விட்டார். சனிக்கிழமை தீர்மானம்.

என் சிநேகிதி சுடர்விழி காலாண்டில் 21. அந்த வகுப்பால்தான் அரையாண்டில் 47. வகுப்பு நின்றால் அவளை மில் வேலைக்கு அனுப்ப அவள் அண்ணன் தயாராக இருக்கிறார். "நல்லா வரஞ்சடி பட்டை! என்னய மில்லுல கொண்டுபோயி விட்டுட்டியே" என்றவள், மூன்று நாளாக என் டிபன் பாக்ஸைத் தொடவில்லை.

ஞாயிறன்று அப்பா குளிக்கும் நேரத்தில் உங்களுக்கு மார்க் பட்டியலை அனுப்பினால், "காலாண்டு மார்க்கையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ரெக்ரஷன் என்ற கணக்குப் போட்டேன், வகுப்பால் ஒன்பது கூடுகிறது" என்று உங்களிடமிருந்து ஒரே வரி பதில்! அதே நாற்பது பேர் அக்கா! எனக்குக் குறைகிறது, உங்களுக்குக் கூடுகிறது. விளக்கம் சொன்னால் உங்கள் காலேஜில் அபராதமா? கடைசியில் நானே ஆளுக்கொரு புளியங்கொட்டையாகப் பரப்பி, நான்கு குவியலாகப் பிரித்து உட்கார்ந்தேன். காலாண்டில் ஃபெயிலானவர்களில் வகுப்புக்குப் போன பதினெட்டுப் பேருக்குச் சராசரி 45, போகாத நான்கு பேருக்கு 36. பாஸானவர்களில் போன இரண்டு பேருக்கு 75, போகாத பதினாறு பேருக்கு 66. இரண்டு பக்கமும் ஒன்பது கூடத்தான் செய்கிறது! ஃபெயிலானவர்களைத்தானே டீச்சர் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்? ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை எண்ணி, ஆஸ்பத்திரிதான் காய்ச்சலைக் கொடுக்கிறது என்று சார்ட் ஒட்டியிருக்கிறேன் நான்.

இதை நான் சொன்னால், ஊருக்கே காட்டிய சார்ட் தப்பா என்று அப்பா தோலை உரித்துவிடுவார். வெள்ளி இரவு நீங்களே போன் செய்து, "கம்ப்யூட்டர் சொல்லுது சித்தப்பா" என்று சொல்லுங்கள்.

பெரியப்பா, பெரியம்மாவுக்கு என் வணக்கம். படித்ததும் கிழித்துவிடவும்.

பயந்துபோன தங்கை,
இலக்கியா

பி.கு.: டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து அப்பா போர்வையைத் தூக்கிவிட்டார். புளியங்கொட்டையைப் பரப்பி எல்லாம் சொன்னேன். அடிக்கவில்லை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "தப்பு எம்மேலதான். சனிக்கெழம நானே எந்திரிச்சுச் சொல்றேன், மூட வேணாம்னு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு, "ஆமா, நீ இதுல எந்தக் குவியல்ல இருக்க?" என்றார். போகாத பதினாறில் என்றேன். "அப்ப நாளையிலேர்ந்து நீயும் போற. ஒம்போது மார்க்க எதுக்கு விடணும்?" அக்கா, மற்ற எல்லோருக்கும் ஒன்பது கூடுகிறது, இலக்கியாவுக்கு மட்டும் பன்னிரண்டு குறைகிறது என்று வர உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது வழி உண்டா?