சம்பந்தியின் நீலச் சைக்கிளும் மாங்காட்டுப் பந்தயமும்

நசரத்பேட்டை,
ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சிவராமன் அவர்களுக்கு, சின்னப்பையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சுலோசனாவும் நலம். உங்கள் மகள் விஜியும் என் மகனும் நலம். உங்கள் சைக்கிளும் நலம். ஓசூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறது என்றும் நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் யார் யாரோ கேட்கிறார்கள். நான் சைக்கிள் என்று ஒரு வார்த்தை சொன்னேன், அன்று மாலையே போனில் சைக்கிள் பம்பு விளம்பரம் வந்தது. அதனால்தான் கடிதம். இன்று காலை மாங்காட்டில் நடந்ததை விஜி உங்களிடம் அரைகுறையாகச் சொல்லிச் சிரிப்பதற்கு முன், முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஓசூர் போகும்போது சைக்கிளை என்னிடம் விட்டு, "பத்திரம் சம்பந்தி, ஆனா சும்மா நிக்க விடாதீங்க, ஓட்டுங்க" என்றீர்கள். பத்திரமாக வைப்பதா, ஓட்டுவதா? இரண்டையும் எப்படி ஒரே நேரத்தில் செய்வது என்று எனக்குப் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு ஓடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பந்தயங்களுக்கு அந்நேரத்தில் பஸ் கிடையாது. ஆட்டோக்காரர்கள் என் அரைக்கால் சட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்துவதில்லை. ஆகவே உங்கள் சைக்கிளில் போனேன். போவது சுலபம். நான் ஓடுகிற ஒன்றரை மணி நேரம் சைக்கிள் என்ன செய்யும், அதை மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கஷ்டம். அம்பத்தூர்ப் பந்தயத்தில், பல வருடமாக அசையாதது போல் துருப்பிடித்து நின்ற ஒரு ஸ்கூட்டரோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அதன் சொந்தக்காரர் வேட்டி சட்டையோடு, கையில் தாம்பூலத் தட்டோடு, பெண் பார்க்கப் போக முடியாமல் முக்கால் மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஆவடியில் பூட்டை நம்பாமல் சீட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். எல்லைக்கோட்டில் எடுத்த போட்டோவில் எல்லோரும் கையை உயர்த்தியிருக்கிறார்கள், நான் சீட்டை உயர்த்தியிருக்கிறேன். சுலோசனா அதை விஜிக்கு அனுப்ப, விஜி ஊருக்கே அனுப்பினாள்.

இன்று மாங்காட்டில் பத்து கிலோமீட்டர். இரண்டரை கிலோமீட்டர் வட்டப் பாதையை நான்கு முறை சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு தரம் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெயர் கொடுத்தேன். பாதை ஓரத்தில், வேப்பமரத்துக்கு எதிரே, பொன்னியம்மா என்ற அம்மாள் இளநீர் வண்டி போட்டிருந்தார். அறுபது வயதிருக்கும், கையில் அரிவாள். பக்கத்து விளக்குக் கம்பத்தில் சைக்கிளைப் பூட்டப் போனேன். "அந்தக் கம்பத்துல கட்டாத சார், மழ பேஞ்சா ஷாக்கடிக்கும்" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கம்பத்தில் கட்டக் கூடாது என்பதில் இவருக்கு என்ன அக்கறை? வேறு வழியில்லாமல், சைக்கிளை அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மூன்று சங்கிலியால் சக்கரங்களை மட்டும் பூட்டி, மூன்று சாவியையும் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "இன்னா சார், உன் சைக்கிள நான் இன்னா துன்னுடவா போறேன்? போய் ஓடு, நான் கீறேன்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவரை எப்படி நம்புவது?

முதல் சுற்று முடிந்ததும் நேராக அவர் எதிரில் போய் நின்றால் நம்பவில்லை என்று தெரிந்துவிடும். அதனால் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் தந்த தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைத்துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். சைக்கிள் இருந்தது. அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம்? ஓடிக்கொண்டே அதையே யோசித்தேன். இரண்டாம் சுற்றில் மறுபடி அதே மரம், அதே எட்டிப் பார்த்தல். இம்முறை அவர் என் பக்கமே வெறித்துப் பார்த்தார். நான் பட்டையைச் சோதிக்கிறவன் போல மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓடினேன். மூன்றாம் சுற்றில் எட்டிப் பார்த்தால், சம்பந்தி, சைக்கிளும் இல்லை, பொன்னியம்மாவும் இல்லை. இளநீர் வண்டி மட்டும் நிற்கிறது.

பிள்ளைகளுக்குத் திருமணமாகி ஒன்பது மாதம்தான் ஆகிறது, அதற்குள் சம்பந்தி சைக்கிளைத் தொலைத்தவன் என்று பெயர் வந்தால் நான் எந்த முகத்தோடு உங்கள் வீட்டு விசேஷத்தில் சாப்பிட உட்காருவேன்? அந்தக் கணத்தில் என்னைத் தாண்டி ஒரு நீலச் சைக்கிள் போனது. அதே நீலம், அதே வளைந்த கைப்பிடி. மேலே தலைக்கவசம் போட்ட ஓர் ஆள். "திருடன்! பிடிங்க! சைக்கிள் திருடன்!" என்று கத்திக்கொண்டு துரத்தினேன். இருபுறமும் ஜனங்கள் கைதட்டினார்கள். ஒருவர்கூடத் திருடனைப் பிடிக்கவில்லை. முந்நூறு மீட்டர் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. சைக்கிள் சட்டென்று ஓரமாக விலகியது, என் நெஞ்சில் ஒரு ரிப்பன் வந்து ஒட்டியது, மேளம் அடித்தார்கள். "முதலிடம் சின்னப்பையன்!" என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் முழுவதும் குனிந்து ஒரு குழந்தையைத் தேடியது.

நான் ரிப்பனோடு போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். தலைக்கவசத்தைக் கழற்றினால் ஒரு பெண். பெயர் ரோஷினி, வானகரத்தில் இருக்கிறாளாம், கம்ப்யூட்டர் வேலை. "அங்கிள், கைய எடுங்க, இது என் சைக்கிள். முதல்ல வர்றவருக்கு முன்னாடி வழிகாட்டிட்டுப் போறதுதான் என் டியூட்டி" என்றாள். அதற்குள் உண்மையிலேயே முதலாவதாக வந்த பையன், எனக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்று, "இவரு மூணு ரவுண்டுதான் சார் ஓடினாரு!" என்று அழ ஆரம்பித்துவிட்டான். போட்டி நடத்துகிறவர்கள் என் மார்பிலிருந்த எண் அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு போட்டோக்காரரை அப்புறப்படுத்தினார்கள். "இந்த வயசுல ஏன் சார் இந்த வேலை?" என்று ஒருவர் கேட்டார். முப்பத்தைந்து வருடம் தொழிற்பேட்டையில் ஃபோர்மேனாக இருந்து மற்றவர்களை நான் கேட்ட கேள்வி அது. ரோஷினிதான் இரக்கப்பட்டு, "அவரு சைக்கிள் காணோம்னுதான் ஓடி வந்திருக்காரு. வாங்க அங்கிள், தேடலாம்" என்று தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு வந்தாள்.

போனால் பொன்னியம்மா வண்டியண்டை நின்று இளநீர் வெட்டிக்கொண்டிருக்கிறார். "எங்கேம்மா என் சைக்கிள்?" என்றேன். "அத்த ஏன் சார் கேக்குற! ஒரு ஆளு தொப்பி போட்டுகினு, மூஞ்ச மூடிகினு, அந்த மரத்தாண்ட வந்து வந்து எட்டிப் பாத்துகினு இருந்தான். அவன் நின்ன தினுசே சரியில்ல. அதான் என் மருமவனுக்குப் போன் போட்டு வரவெச்சு, ரெண்டு பேருமா தூக்கிகினு போய் என் ஊட்டாண்ட வெச்சிட்டோம்" என்றவர், என் தொப்பியைப் பார்த்தார். கழுத்திலிருந்த துண்டைப் பார்த்தார்.

"எங்க, அந்தத் துண்ட மூஞ்சில கட்டு."

"எதுக்கும்மா?"

"கட்டுன்றேன்ல!"

கட்டினேன். "இவன்தான்! டேய் மாப்ள, ஓடியா!" என்று அரிவாளோடு அவர் போட்ட சத்தத்தில் நான்காம் சுற்று ஓடிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். காலையில் சைக்கிளை ஒப்படைத்ததே நான்தான் என்றேன். "வுட்டுட்டுப் போனவன் எதுக்குய்யா ஒளிஞ்சி நின்னு பாக்கணும்?" என்றார். எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், இப்படி நியாயமான கேள்வி ஒன்றை நான் யாரிடமும் கேட்டதில்லை. கடைசியில் எல்லோரும் சந்துக்குள் அவர் வீட்டுக்குப் போனோம். சைக்கிள் உள்முற்றத்தில், கோழிக்கூடைக்குப் பக்கத்தில், வெயில் படாமல் சாக்குப் போர்த்தி நின்றது. சாவி எங்கே என்றார்கள். அத்தனை பேர் முன்னால் பனியனைத் தூக்கி அரைஞாண் கயிற்றை அவிழ்த்தேன். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டதில் முதல் பூட்டுக்கே நான்கு நிமிடம் ஆனது. மூன்றும் திறந்த பிறகுதான் பொன்னியம்மா அரிவாளைக் கீழே வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு. நீயும் உன் பொருளுக்குத்தான பயந்த" என்று ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்து, காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார்.

என் மனம் எப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாதவனின் சைக்கிளுக்குச் சாக்குப் போர்த்தி வைத்த மனுஷி. அங்கேயே முடிவெடுத்தேன், இனி யாரையும் சந்தேகப்படுவதில்லை. சங்கிலிகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ரோஷினி வாசலில் போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்காகப் போனில் வாதாடிக்கொண்டிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்யாமல் கையசைத்துவிட்டு, மருமகன் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திய சைக்கிளில் ஏறி நசரத்பேட்டை வந்து சேர்ந்தேன். சீட் மட்டும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. யாரையும் கேட்கவில்லை. சந்தேகப்படுவதில்லை என்று முடிவெடுத்த பிறகு என்ன கேட்பது? இப்போது உங்கள் சைக்கிள் எங்கள் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பத்திரமாக நிற்கிறது. சுலோசனா ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். தாங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் குடும்பம் குறைவின்றி, முழங்கால் வலியின்றி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சின்னப்பையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. காலையிலிருந்து தெரியாத எண் ஒன்றிலிருந்து பதினான்கு முறை அழைப்பு. மோசடிக்காரர்கள் என்று எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு வாட்ச்மேன் வெங்கட் மேலே வந்து, "சார், கீழ ஒரு பொண்ணும் இளநீ விக்கிற அம்மாவும் வந்துக்கீறாங்க. ஒரு நீல சைக்கிள வெச்சிகினு, அவங்க சைக்கிள நீங்க எடுத்துகினு வந்துட்டீங்கன்னு சொல்றாங்க" என்றான். படுக்கையறையில் நிற்பது ரோஷினியுடையது, சம்பந்தி. பொன்னியம்மா வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில் மாற்றி ஏறிவிட்டேன். உங்களுடையதைப் பொன்னியம்மா இவ்வளவு நேரம் வீட்டில் வைத்துக் காத்திருந்துவிட்டு, போட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த எண்ணையும் விலாசத்தையும் வைத்துத் தேடிக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று பூட்டையும் திறந்து கீழே எடுத்துப் போனால், வெளியே போகும் பொருளுக்கெல்லாம் நோட்டில் கையெழுத்து வேண்டும் என்று வெங்கட் மறித்தான். குடியிருப்போர் கூட்டத்தில் சண்டை போட்டு அந்த நோட்டை வைக்கச் செய்தவன் நான்தான். பொருள், சைக்கிள் என்று எழுதினேன். உரிமையாளர், ரோஷினி என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் "பொருள் உள்ளே வந்தது எப்படி" என்று இருந்தது. மூன்று பேரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.